மந்திரி என்ன சொன்னார்? ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும் தங்கவயல்!

"சுரங்கத்தை மறுபடியும் திறக்கப் போகிறார்களாம்!"

கோலார் தங்கவயலில் இந்தச் செய்தி எத்தனை முறை பிறந்தது, எத்தனை முறை செத்தது என்பதற்குக் கணக்கே இல்லை. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒருவர் வாயிலிருந்து புறப்படும். ஆண்டர்சன்பேட்டை போய்ச் சேருவதற்குள் அதற்கு ஒரு தேதியும் முளைத்துவிடும். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊர் போய்ச் சேருவதற்குள், "மந்திரியே பார்லிமெண்டில் சொல்லிவிட்டார்" என்று அது முத்திரை பெற்றுவிடும். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். மேடைக்கு மேடை சுரங்கம் திறக்கும். தேர்தல் முடிந்ததும் மூடிக்கொள்ளும்.

மந்திரி உண்மையில் என்ன சொன்னார்? எந்தத் தேதியில், எந்தச் சபையில், யார் கேட்ட கேள்விக்குச் சொன்னார்? "திறப்போம்" என்றாரா, "பரிசீலிப்போம்" என்றாரா? இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. விடை எட்டாத இடத்தில் ஒளிந்திருப்பதும் இல்லை. ஒரு செல்போனும் அரைமணி நேரமும் இருந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கும் பழக்கம் இல்லாததுதான் குறை. அந்தக் குறையால் ஏமாறுகிறவர்கள், 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது முதல் விடை தேடி நிற்கும் குடும்பங்களே.

சொன்ன சொல் போவதில்லை

பார்லிமெண்டில் உறுப்பினர் பேசுவதையும், மந்திரி பதில் சொல்வதையும் சபையின் நிருபர்கள் முறை வைத்து உட்கார்ந்து வார்த்தை பிசகாமல் எழுதி எடுக்கிறார்கள். சபைத் தலைவர் நீக்கச் சொன்ன சொற்களைத் தவிர மற்றவை எல்லாம் ஏட்டில் ஏறிவிடும். எழுத்து மூலமான கேள்வி பதில்களும் அப்படியே. 1952-ல் முதல் லோக்சபை கூடிய நாள் தொட்டு இந்த ஏடுகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் காலச் சட்டசபைகளின் ஏடுகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் டில்லியிலோ பெரிய நூல்நிலையங்களிலோ போய்த்தான் இவற்றைத் தொட முடியும். இன்று பார்லிமெண்டின் மின் நூலகத்தில் இவை எல்லார் பார்வைக்கும் வைக்கப்பட்டுள்ளன. கட்டணம் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

மேடைப் பேச்சு காற்றோடு போகும். பேட்டியில் சொன்னதை "நான் அப்படிச் சொல்லவில்லை, திரித்துப் போட்டுவிட்டார்கள்" என்று மறுத்துவிடலாம். சபை ஏட்டில் ஏறிய சொல்லை மறுக்க வழியில்லை. சபையில் பேசிய பேச்சுக்காக எந்த உறுப்பினர் மீதும் கோர்ட்டில் வழக்குத் தொடர முடியாது என்று அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அப்படியானால் அந்தப் பேச்சை நிறுத்துப் பார்க்கும் தராசு எது? மக்களின் ஞாபகம் ஒன்றுதான். ஞாபகம் தவறாமல் இருக்க ஏடு வேண்டும்.

சும்மா வந்த உரிமை அல்ல

இந்த உரிமை யாரும் தங்கத் தட்டில் வைத்து நீட்டியதல்ல. லண்டன் பார்லிமெண்டில் நடப்பதை வெளியே அச்சிடுவது ஒரு காலத்தில் குற்றம். 1771-ல் விவாதங்களை அச்சிட்ட அச்சகத்தாரைக் கைது செய்யக் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாக நின்ற லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பியையே கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். லண்டன் மக்கள் மேயர் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு அச்சிடுவதைத் தடுக்கும் துணிச்சல் பார்லிமெண்டுக்கு வரவில்லை. பின்னாளில் அந்த விவாதங்களை அச்சிட்ட ஹன்சார்டு என்பவரின் பெயரே, பல நாடுகளில் சபை ஏட்டுக்குப் பெயராகிவிட்டது.

இந்தியாவிலும் ஒரு கதை உண்டு. பார்லிமெண்டில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மீது வழக்கு வரக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி. 1956-ல் அது நிறைவேறியது. அவசரநிலைக் காலத்தில், அவருடைய மனைவி இந்திரா காந்தி தலைமையிலிருந்த அரசே அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. 1977-ல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்ப வந்தது. 1978-ன் 44-வது திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது. அதிகாரம் முதலில் அஞ்சுவது எதற்கு என்பது இதிலிருந்தே விளங்கும். தான் பேசியது பதிவாகி, நாலு பேர் கண்ணில் படுவதற்குத்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஏட்டைத் திறந்தே பார்க்காமல் இருந்தால், அது பூட்டிக் கிடந்த காலத்துக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?

ஏட்டில் தங்கவயல்

தங்கவயலின் வரலாறே, பொறுப்பு கைமாறிக் கைமாறிப் போன வரலாறுதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசின் நிதி இலாகாவுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாகி, சுரங்க இலாகாவின் கீழ் வந்தது. 1992-ல் அந்த நிறுவனம் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் போயிற்று. 2000-ல் அதைக் கலைத்துவிடலாம் என்று வாரியம் சொன்னது. அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது.

இந்த ஒவ்வொரு திருப்பத்திலும் டில்லியில் கேள்வி எழுப்ப இடம் இருந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்ட மந்திரியும் இருந்தார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்பதைத் தேடும்போது இந்தத் தேதிகள்தான் வழிகாட்டி. 1965-ல் நடந்ததைச் சுரங்க இலாகாவில் தேடினால் கிடைக்காது. நிதி இலாகாவில் தேட வேண்டும். சுரங்க விபத்து, பாறை வெடிப்பு, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை தொழில் இலாகாவின் கீழ் வரும். வருங்கால வைப்பு நிதி, பென்ஷன் பற்றிய கேள்விகளும் அங்கேதான். மாரிக்குப்பம் ரயிலைப் பற்றியது ரயில்வே இலாகாவில். ஒரே ஊர்தான், ஆனால் நாலு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

"நஷ்டம்" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு தேடினாலே போதும், பல திரைகள் விலகும். தங்கவயல் நஷ்டத்தில் ஓடியது, ஆகவே மூடினார்கள் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். மத்திய அரசிடம் வந்த பிறகு, வெட்டி எடுத்த தங்கம் கடைவீதி விலைக்குப் போகவில்லை. சர்வதேச நிதி நிறுவனத்தின் அதிகாரபூர்வ விலையில் அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. அன்று அந்த விலை அவுன்சுக்கு 35 டாலர். உள்நாட்டுச் சந்தை விலையோ அதைவிட மிகவும் அதிகம். குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு, வரவைவிடச் செலவு கூடிவிட்டது என்று கணக்கெழுதினால் அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? தாதுவில் தங்கம் குறைந்து வந்ததும், சாம்பியன் ரீஃப் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனதால் செலவு ஏறியதும் உண்மைதான். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் எந்த ஆண்டின் நஷ்டம், எந்த விலையில் கணக்கிட்ட நஷ்டம் என்று கேட்காமல், "நஷ்டம்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தொழிலாளியைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. அன்றைய மந்திரிகள் சபையில் வைத்த பதில்களையும், நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

மூடிய பிறகும் கதை முடியவில்லை. 2013 ஜூலையில், உலக டெண்டர் விட மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில், 13 சயனைடு மேடுகளில் கிடக்கும் மண்ணிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை ஒப்புதல் தந்தது. அந்த இடம் சுமார் ஆயிரம் ஏக்கர். காற்றடிக்கும் காலத்தில் அந்த மேட்டு மண்ணைச் சுவாசிப்பவர்கள் இந்த ஊர் மக்கள். அதைக் கிளறினால் தூசி என்ன ஆகும், வேலை யாருக்குக் கிடைக்கும், லைன் வீடுகளில் இருப்பவர்களின் உரிமை என்ன ஆகும் என்பவை வயிற்றையும் உயிரையும் தொடும் கேள்விகள். வதந்தியை நம்பி இவற்றுக்கு முடிவு கட்ட முடியாது.

எப்படித் தேடுவது?

பொதுவான இணையத் தேடலில் "கே.ஜி.எஃப்." என்று போட்டால் சினிமாதான் முன்னால் வந்து நிற்கும். பார்லிமெண்டின் சொந்தத் தளத்துக்குள் நுழைந்துதான் தேட வேண்டும். லோக்சபைக்கும் ராஜ்ய சபைக்கும் தனித்தனித் தொகுப்பு உண்டு. ஒன்றில் இல்லை என்பதற்காகக் கைவிட்டுவிடக் கூடாது.

ஒரே பெயரை நம்பவும் கூடாது. "கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடினால் ஒரு கட்டு வரும். "பாரத் கோல்டு மைன்ஸ்" என்றால் வேறொரு கட்டு. "பி.ஜி.எம்.எல்." என்ற சுருக்கத்துக்கு மற்றொன்று. பழைய தொகுதிகள் அச்சுப் புத்தகங்களைப் படம்பிடித்துப் போட்டவை. எழுத்து மங்கிய இடங்களில் சொல்லை வைத்துத் தேடினால் அகப்படாது. அப்போது தேதியை வைத்துத்தான் தேட வேண்டும். சுரங்கம் மூடப்பட்ட சமயத்துப் பேச்சு வேண்டுமென்றால், 2001-ன் பட்ஜெட் கூட்டத்தொடர் ஏடுகளை நாள்வாரியாகப் புரட்டுவதே வழி.

கிடைத்ததை நாலு விவரங்களோடு குறித்துக்கொள்ள வேண்டும்: தேதி, சபை, கேள்வி எண், பதிலளித்த மந்திரி. இந்த நாலும் இல்லாமல் "மந்திரி சொன்னார்" என்பது வெறும் பேச்சு. நாலும் இருந்தால் அது சாட்சியம்.

பதிலைப் படிக்கும் விதம்

தேடுவதைவிடக் கடினம், படிப்பது. சர்க்கார் பதிலுக்கென்று ஒரு தனி பாஷை உண்டு. ஒரு கேள்வியை நாலைந்து கிளைகளாகக் கேட்டிருப்பார்கள். முதல் கிளைக்கு "இல்லை" என்று ஒரு சொல் வரும். மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து "இந்தக் கேள்விகள் எழவில்லை" என்று முடித்துவிடுவார்கள். "திட்டம் எதுவும் தற்போது இல்லை" என்பதில் "தற்போது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருங்காலக் கோட்டை கட்டுவது வீண். "மாநில அரசுடன் கடிதப் போக்குவரத்து நடக்கிறது" என்றால், பந்து டில்லிக்கும் பெங்களூருக்கும் நடுவே உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் சில சொற்கள் உண்மையிலேயே கனமானவை. "இது அரசின் பரிசீலனையில் இருக்கிறது", "தகவல் திரட்டப்பட்டுச் சபையில் வைக்கப்படும்", "நான் இதைக் கவனிக்கிறேன்" என்று மந்திரி சபையில் சொன்னால் அது உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும் என்பது விதி. நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. லோக்சபையில் 1953 முதலும், ராஜ்ய சபையில் 1972 முதலும் இது இயங்கி வருகிறது. மந்திரிகள் இதில் உறுப்பினராக இருக்க முடியாது. நிறைவேற்ற முடியாத உறுதிமொழியை விட்டுவிடும்படி இலாகா இந்தக் குழுவிடம்தான் கேட்டு நிற்க வேண்டும். இதன் அறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு.

இப்படி ஒரு குழு இருப்பது, வாக்குக் கொடுக்கப்பட்ட மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடன்காரனைத் தேடி அலைகிறவன், கையெழுத்துப் போட்ட பத்திரம் பெட்டியில் இருப்பதை மறந்தாற்போல் இருக்கிறது இந்த நிலை.

மௌனமும் ஒரு பதிவே

பேசியது மட்டுமல்ல, பேசாமல் விட்டதும் ஏட்டில் தெரியும். ஒரு தொகுதியின் உறுப்பினர் ஐந்தாண்டில் எத்தனை கேள்வி கேட்டார், அவற்றில் தன் ஊரைப் பற்றியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, உறுப்பினர்வாரியாக வருகை, கேள்வி, விவாதம் ஆகியவற்றின் கணக்கைத் தொகுத்துத் தருகிறது.

இங்கே நியாயமும் வேண்டும். மந்திரியாக இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர் அவர். கோலார் தொகுதியில் 1991 முதல் தொடர்ந்து ஏழு முறை வென்ற கே.எச். முனியப்பா, 2004 முதல் 2014 வரையிலான ஆட்சியில் மத்திய இணை மந்திரியாக இருந்தவர். அந்த ஆண்டுகளில் அவர் பெயரில் கேள்வி இல்லை என்று குறை சொல்வது அறியாமை. அவர் எதிர்க்கட்சியில் இருந்த ஆண்டுகளில் என்ன கேட்டார் என்று பார்ப்பதே முறை. 2019-ல் வென்ற எஸ். முனிசாமிக்கும், 2024-ல் வென்ற எம். மல்லேஷ் பாபுவுக்கும் இதே அளவுகோல்தான். மேலும், ஒரு நாளைக்கு லோக்சபையில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளும், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகளும் மட்டுமே எடுக்கப்படுகின்றன. குலுக்கலில் விழாமல் போன கேள்வி ஏட்டில் ஏறாது. எண்ணிக்கை குறைந்தாலே உறுப்பினர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்ட கேள்வியின் தரத்தையும் பார்க்க வேண்டும்.

மொழி என்னும் சுவர்

ஒரு பெரிய தடையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பார்லிமெண்ட் ஏடுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. தமிழில் பேசிய உறுப்பினரின் பேச்சும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே ஏட்டில் ஏறி வந்திருக்கிறது. இலங்கை பார்லிமெண்டின் ஹன்சார்டில் தமிழில் பேசியது தமிழ் எழுத்திலேயே அச்சாகிறது. இத்தனை கோடித் தமிழர் வாழும் இந்தியாவில் அந்த வசதி இல்லாதது பெருங்குறை. கர்நாடக சட்டசபையின் பேச்சு பெரும்பாலும் கன்னடத்தில். நிலம், குடியிருப்பு, குடிநீர் பற்றிய பல கேள்விகளுக்கு அந்த ஏட்டில்தான் விடை இருக்கும்.

ஆனால் இந்தச் சுவர் ஏற முடியாததல்ல. சுரங்கத்தில் உழைத்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராமலிருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகள் பெங்களூரில் ஆபீஸ்களில் குமாஸ்தாக்களாக, கணக்கர்களாக, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்களாக இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே மூன்று மொழி இருக்கும்போது, மொழி தெரியாது என்று ஒதுங்குவது சரியல்ல. தெரிந்தவர் வாசித்துச் சொன்னால், தெரியாதவர் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டதில்லையா?

"இதனால் சுரங்கம் திறந்துவிடுமா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. திறக்காது. ஏட்டைப் படிப்பதால் ஒரு பிடி தாதுகூட மேலே வராது. ஆனால் மூடிய சுரங்கத்தைக் காட்டிக் காட்டியே ஓட்டு வாங்கும் வித்தைக்கு ஒரு முடிவு வரும். "திறக்கும் யோசனை இல்லை" என்று மந்திரி எழுத்தில் சொல்லியிருந்தால், அதை நேருக்கு நேராகத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகளின் படிப்பு, பிழைப்பு, வீடு ஆகியவற்றை அதற்கேற்ப முடிவு செய்யலாம். பொய்யான நம்பிக்கை ஒரு தலைமுறையையே காக்க வைத்துவிடும். "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லியிருந்தால், அந்தப் பதிலின் எண்ணைப் போட்டு, மேலே என்ன நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மன்றங்களும் படிப்பகங்களும் இருக்கின்றன. ஏதாவது ஒன்று முன்வந்து ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். தங்கவயலைப் பற்றி இரு சபைகளிலும் சட்டசபையிலும் பேசப்பட்டதைத் தேதிவாரியாகத் தமிழில் எழுதி வரட்டும். கட்சிப் பெயரைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூடிய ஆட்சி ஒன்று, பிறகு வந்த ஆட்சிகள் வேறு. எல்லோருடைய சொல்லும் அந்த நோட்டில் ஏறட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மாலை போடுவதற்கு முன்னால் அந்த நோட்டைத் திறந்து, "ஐயா, இந்தத் தேதியில் இப்படிச் சொன்னீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும். கோஷத்துக்குப் பழகியவர்கள், தேதியோடு வரும் கேள்விக்கு முன்னால் நிதானித்துத்தான் பேசுவார்கள்.

1930-ல் இதே தங்கவயலில், தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று கொதித்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று பதிவேடு அதிகாரத்தின் கையில் இருந்தது. அதில் தொழிலாளியின் ரேகை ஏற வேண்டியிருந்தது. இன்று ஆளுகிறவர்களின் வாக்கு ஏறிய பதிவேடு, அந்தத் தொழிலாளியின் பேரன் கையிலுள்ள செல்போனில் இருக்கிறது. அதைத் திறப்பதும் திறக்காமல் விடுவதும் தங்கவயல் மக்களின் பொறுப்பு.